கட்டிலுக்கு ஒரு விலக்கு ஆணை

"தள்ளுங்க! இன்னும் தள்ளுங்க! ரெண்டாவது மாடிக்கு வந்துட்டார்!"

மனைவி கதவிடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு கிசுகிசுப்பாகக் கத்தினாள். லிஃப்ட் மெக்கானிக் தோளைக் கொடுத்து பீரோவை முட்டினான். பீரோ ஒரு அடி நகர்ந்தது. அதன் மேலிருந்த பெட்டி இரண்டு அடி நகர்ந்து அவன் தலையில் விழுந்தது.

"சத்தம் போடாதீங்க, வெளிய கேக்கும்!"

"விழுந்தது என் தலையில. சத்தம் போட்டது பெட்டி. திட்டுறதுன்னா அதைத் திட்டு."

"ஐயோ, கட்டிலுக்கு எதிர்ல கண்ணாடி!"

அவள் போர்வையை எடுத்துக் கண்ணாடி மேல் வீசினாள். அவன் துடைப்பத்தைக் குளியலறைக்குள் எறிந்தான். அப்படியே பாய்ந்து கழிவறை மூடியையும் மூடினான். ஜன்னலோரம் காய்ந்து நின்ற செடியை எங்கே ஒளிப்பது? மூன்று விநாடி யோசித்தான். நான்காவது விநாடியில் செடி ஃபிரிட்ஜுக்குள் இருந்தது.

மூன்றாவது மாடியில் செருப்புச் சத்தம் நின்றது. கதவு தட்டப்பட்டது.

வந்தவரின் பெயர்ப்பலகையில் என்ன இருந்ததோ, தெருவில் அவர் பெயர் வடக்கு சார். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வடக்கு எங்க?" கையில் திசைகாட்டியை வைத்துக்கொண்டுதான் கேட்பார். அது தெரியாமல் கேட்பதல்ல, தேர்வு.

அவர் இல்ல ஆற்றல் ஓட்டத் துறையின் கள ஆய்வாளர். முன்பெல்லாம் ஃபெங் சுயி என்பது அவரவர் விருப்பமாக இருந்தது. பிடித்தவர்கள் வாசலில் ஒரு காற்றுமணியைத் தொங்கவிட்டார்கள். பிடிக்காதவர்கள் தொங்கவிடவில்லை. இரண்டு தரப்பும் நலமாகவே இருந்தன. இந்த ஒழுங்கீனத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் சும்மா இருப்பது? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் துறை பிறந்தது. சென்ற ஆண்டு சட்டமும் பிறந்தது: மருத்துவமனையிலிருந்து வெளிவரும் எந்த நோயாளியும், ஆற்றல் தடையின்றி ஓடுவதாகச் சான்றிதழ் பெற்ற வீட்டுக்குத்தான் அனுப்பப்படுவார்.

மெக்கானிக்கின் அப்பா இப்போது நோயாளி. வயது எழுபத்துநான்கு. வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, வார்டில் படுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் படுக்கையைக் காலி செய்தாக வேண்டும். சான்றிதழ் இருந்தால் மகன் வீடு. இல்லாவிட்டால் நகருக்கு வெளியே துறையே நடத்தும் அமைதி இல்லம். அங்கே நாற்பது கட்டில்கள். நாற்பது தலைகளும் கிழக்கே. பார்வையாளர்களுக்கு மாதத்தில் ஒரு நாள். அங்கே போனவர்களில் ஒருவர்கூடப் புகார் செய்ததில்லை என்று துறையின் ஆண்டறிக்கை பெருமையோடு சொல்கிறது. எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதை அது சொல்வதில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை.

"வடக்கு எங்க?" என்றார் வடக்கு சார்.

மெக்கானிக் ஜன்னலைக் காட்டினான். மனைவி சமையலறையைக் காட்டினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுக் கைகளை மாற்றிக்கொண்டார்கள்.

"குடும்பத்துல ஒத்துமை இல்ல," என்று நோட்டில் எழுதிக்கொண்டார். "குறை ஒண்ணு."

கூடத்தின் நடுவில் நின்று மூக்கை உறிஞ்சினார். "இங்க ஆற்றல் தேங்கி நிக்குது."

"அது மீன் குழம்பு... நேத்து வெச்சது சார்," என்றான் மெக்கானிக்.

"தேக்கம் எந்த ரூபத்துலயும் வரும்." குறை இரண்டு.

மேசை விளிம்பை விரலால் தொட்டார். கூர்மையான மூலைகள் நச்சு அம்புகளை எய்யும். எதிரே உட்காருபவர் மேல் பாயும். எதிரே யார் உட்காருவார் என்று கேட்டார். "நான்தான்," என்றாள் மனைவி. "பன்னெண்டு வருஷமா உக்காந்திருக்கேன். ஆனா எனக்குப் பாயற அம்பு மேசையிலேர்ந்து வர்றதில்ல சார்." அவள் ஒரு நிறுவனத்தின் புகார் அழைப்பு மையத்தில் வேலை பார்ப்பவள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேரின் கோபத்தை இனிய குரலில் வாங்கிக்கொள்வதால், வீட்டில் இனிய குரலுக்குத் தட்டுப்பாடு.

வடக்கு சார் ஃபிரிட்ஜைத் திறந்தார். தயிருக்கும் தக்காளிக்கும் நடுவில் செடி நின்றது.

"என்ன இது?"

"கீரை," என்றான் மெக்கானிக்.

"தொட்டியோடவா?"

"ஃப்ரெஷ்ஷா இருக்கும்னு..."

குறை ஒன்பது. இப்படியே பதினாறு வரை போனது. அதற்கெல்லாம் பரிகாரம் உண்டு. கண்ணாடியைக் கழற்றலாம், மணியை மாட்டலாம், செடியை மாற்றலாம். அடுத்து அவர் படுக்கையறைக்குள் போனார், மெக்கானிக் பின்னாலேயே ஓடினான்.

படுக்கையறையில் அப்பாவுக்காகப் போட்ட கட்டில். கட்டிலிலிருந்து நான்கே அடியில் குளியலறைக் கதவு. டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ஆறடிக்கு மேல நடக்க விடாதீங்க. இன்னொரு தடவை விழுந்தார்னா எழுந்திருக்க மாட்டார்." அதனால்தான் அந்த இடம். சுவரில் பிடித்து நடக்க எஃகுக் கம்பியும் அடித்திருந்தான், லிஃப்டுக்குள் அடிக்கிற அதே கம்பி, அதே உறுதி. அவன் இத்தனை ஆண்டு வேலையில் அளந்து அளந்து செய்த வேலை அதுதான்.

வடக்கு சார் கம்பியைப் பார்க்கவில்லை. சுவரில் காதை வைத்துக் கேட்டார். மறுபக்கம் குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"கட்டிலுக்கும் கழிவறைக்கும் ஒரே சுவர்," என்றார் மெதுவாக, எலும்பு முறிவை எக்ஸ்ரே படத்தில் பார்த்த டாக்டரைப் போல. "படுத்திருக்கிறவரோட நல்லதெல்லாம் ராவோட ராவா அந்தக் குழாய் வழியா போயிடும்."

"அவருக்கு அந்தக் குழாய்கிட்ட போகத்தான் சார் கட்டிலே அங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். போயிடும்."

சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து வாசல் கதவில் ஒட்டினார். அதில் 'தேக்கம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. மறு ஆய்வு வேண்டுமானால் குடும்பத் தலைவர் தொடக்கநிலைப் பயிற்சியில் தேறியாக வேண்டும். நாளைக்கே வகுப்பு இருக்கிறது, எளிமையான வகுப்பு.

*

எளிமை என்ற சொல் அந்தப் பயிற்சிக்கூடத்தின் நான்கு சுவர்களிலும் எழுதியிருந்தது. படிப்பதற்குத்தான் வழியில்லை. சுவர்களை மறைத்துக்கொண்டு கோப்புகள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. அது துறையின் குவியல் அகற்றும் பிரிவு, பயிற்சிக்கு இரவல் கொடுத்த கூடம்.

ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். 'வீட்டில் எளிய ஃபெங் சுயி: முதல் அடி வைப்போருக்கு.' அறுநூற்று நாற்பத்திரண்டு பக்கம். முதல் தொகுதி.

பயிற்சியாளர் அம்மா மேடையேறினார். குரலில் தேன். "அன்பானவங்களே, உங்க வீட்ல தேவையில்லாத பொருள் எது? ஒரு வருஷமா யாருக்கும் பயன்படாதது எதுவோ அது. இடத்தை அடைச்சிக்கிட்டு, அசையாம, தூசி புடிச்சி, போறவர்ற வழியை மறிச்சிக்கிட்டு, ஆனா தான்தான் வீட்டையே தாங்குறதா நினைச்சிட்டிருக்கும். அதை அடையாளம் காணுங்க. தயங்காம வெளிய அனுப்புங்க. எங்க துறையை எடுத்துக்கங்க, பன்னெண்டு வருஷமா நாங்க..."

பின் வரிசையில் ஒருவர் இருமினார். இருமல்தானா என்பது பயிற்சியாளருக்குச் சந்தேகமாக இருந்தது.

மெக்கானிக் கையைத் தூக்கினான். "அம்மா, ஒரு சந்தேகம். ரெண்டு ரூம் வீடு. எல்லாச் சுவரும் ஏதோ ஒரு விதத்துல கழிவறையைத் தொட்டுக்கிட்டுதான் இருக்கு. நடக்க முடியாத வயசானவரை எங்கம்மா படுக்க வைக்கிறது?"

"நல்ல கேள்வி," என்றார் அவர் புன்னகையோடு. "ஆனா பாருங்க, கேள்விகளும் ஒரு குவியல்தான். மனசுல சேத்து வைக்காதீங்க."

"பதில் கொடுத்துட்டா சேத்து வைக்க மாட்டேன்."

"பதில் அதை விடப் பெரிய குவியல்."

பிறகு தேர்வு. கட்டிலின் ஆதிக்க நிலை எது என்று ஒரு கேள்வி: படுத்திருப்பவருக்குக் கதவு தெரிய வேண்டும், ஆனால் கால் கதவை நோக்கக் கூடாது, முதுகுக்குச் சுவர் வேண்டும், ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் கூடாது, தலைக்கு மேல் உத்தரம் கூடாது, ஜன்னல் கூடாது. மெக்கானிக் விடைத்தாளில் தன் வீட்டை வரைந்து பார்த்தான். எல்லா விதிக்கும் உட்பட்ட இடம் ஒன்றுதான் மிஞ்சியது. அது பக்கத்து வீட்டில் இருந்தது.

ஆனாலும் தேறிவிட்டான். தேறாதவர்கள் யாருமில்லை, தேறாதவர்கள் இருந்தால் துறைக்குத் தேக்கம்.

மாலையில் வார்டுக்குப் போன் செய்தான்.

"என்னடா, கிடைச்சிருச்சா?" என்றார் அப்பா.

"நாளைக்கு மறுபடி வர்றாங்கப்பா."

"இங்க ஒரு அதிகாரி வந்து அந்த அமைதி இல்லத்து போட்டோ காட்டினான். நாப்பது பேரும் ஒரே பக்கம் பாத்துப் படுத்திருக்கானுங்க. பக்கத்துக் கட்டில்காரன்கிட்ட நாலு வார்த்தை பேசணும்னா அவன் முதுகுகிட்டயா பேசறது? எனக்கு அங்கெல்லாம் வேணாம்டா."

"உங்களை அங்க அனுப்ப மாட்டேன்."

"நீ அனுப்ப மாட்டே. அனுப்புறவன் உன்கிட்ட கேக்கவா போறான்?" அப்புறம் குரலை இறக்கி, "உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லு, எனக்குக் கட்டில் கூட வேணாம். தரையில ஒரு பாய் போதும்னு."

மெக்கானிக் போனை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தான். தரையில் படுப்பது பற்றி முன்னூற்றுப் பதினோராம் பக்கத்தில் ஒரு முழு அத்தியாயம் இருந்தது. கூடாது.

*

வியாழக்கிழமை காலை வீடு அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. வாசலில் காற்றுமணி. அதைத் தாண்டினால் எண்கோணக் கண்ணாடி. கூடத்தில் வாயில் காசைக் கவ்விய மூன்று கால் தவளை, வெளியே பார்க்காமல் உள்ளே பார்த்தபடி. ஜன்னலில் படிகக் குண்டு. தண்ணீர் ஜாடியில் மூங்கில். அலமாரி மேல் தொப்பையைத் தடவிக்கொண்டு சிரிக்கும் பொம்மை. அந்த வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தது அது மட்டும்தான்.

"பிரமாதம்!" என்றார் வடக்கு சார். காற்றுமணியில் தலை இடித்துக்கொண்டு இரண்டாவது முறையும் சொன்னார். "இப்பதான் வீடு மூச்சு விடுது. கட்டில் மட்டும்தான் பாக்கி."

கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாசல் கதவு ஒரு சாணுக்கு மேல் திறக்கவில்லை. திருப்பிப் போட்டார்கள். கால் கதவை நோக்கியது. அது பிணத்தைத் தூக்கும் நிலை என்றார். சமையலறைப் பக்கம் தள்ளினார்கள். தலைமாட்டில் அடுப்பு, அது நெருப்பு நிலை. மூலைக்கு மூலையாகச் சாய்த்துப் போட்டார்கள். இப்போது மனைவி கட்டிலின் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். சமையலறையிலிருந்து வெளியே வர முடியவில்லை.

"சார்," என்றாள் அங்கிருந்தே, "நான் இனிமே இங்கயேதான் இருக்கணுமா? சொன்னீங்கன்னா ஆபீஸுக்கு லீவு சொல்லிடுவேன்."

வடக்கு சார் காதில் விழாதவராகத் திசைகாட்டியோடு நடந்தார். கூடம், அறை, கூடம். கடைசியில் முகம் மலர்ந்தது. "இருக்கு! ஒரே ஒரு இடம் இருக்கு!"

பால்கனிக் கதவைத் திறந்தார்.

மெக்கானிக் எட்டிப் பார்த்தான். "சார், இது ரெண்டரை அடி அகலம். கட்டில் மூணு அடி."

"குறுகலான கட்டில் வாங்குங்க."

"மழை வந்தா?"

"தண்ணி தென்கிழக்குலேர்ந்து வருது. ரொம்ப விசேஷம்."

"இங்கேர்ந்து பாத்ரூமுக்கு முப்பத்தோரு அடி. இடுப்பு ஒடஞ்சவர் சார் அவர்."

"ஆனா ஆற்றல் எப்படி ஓடுது பாருங்க!"

"ஆற்றல் ஓடுது. எங்கப்பா ஓட முடியாதே."

வடக்கு சார் அனுதாபத்தோடு அவன் தோளில் கை வைத்தார். "நாங்க வீட்டுக்குத்தான் சான்றிதழ் தர்றோம். ஆளுக்கு இல்ல. ஆளைப் பாக்க ஆரம்பிச்சா அப்புறம் ஒரு வீடு கூடத் தேறாது."

கட்டிலைத் தாண்டிக் குதித்து வெளியே வந்த மனைவி, கணவன் காதில் சொன்னாள்: "சரின்னு சொல்லுங்க. பால்கனின்னு எழுதி வாங்கிக்குவோம். இவர் படி இறங்கினதும் கட்டிலை உள்ள இழுத்துக்கலாம்."

கிசுகிசுப்பு வடக்கு சாருக்கு நன்றாகவே கேட்டது. பன்னிரண்டு ஆண்டு அனுபவம். பையிலிருந்து அரக்கையும் முத்திரையையும் எடுத்துக் காட்டினார். "கட்டிலோட நாலு காலுக்கும் தரையோட சேத்து முத்திரை வெப்போம்மா. முத்திரை ஒடஞ்சா அன்னைக்கே வண்டி வரும். நேரா அமைதி இல்லம்."

அப்படியானால் ஒரே வழிதான் இருந்தது. விலக்கு ஆணை. அதைத் தரும் அதிகாரம் துறை முழுவதிலும் இயக்குநர் ஒருவருக்குத்தான். இதுவரை எத்தனை பேருக்குத் தந்திருக்கிறார் என்று மனைவி கேட்டாள்.

"ஒருத்தருக்கும் இல்ல," என்றார் வடக்கு சார். "விலக்கு தரணும்னா முன்னுதாரணம் வேணும். இதே மாதிரி ஒரு வீடு, இதே மாதிரி ஒரு மீறல், அங்க என்ன ஆச்சுன்னு காட்டணும். முன்னுதாரணமே கிடையாது. ஏன்னா இதுவரைக்கும் யாருக்கும் விலக்கு தந்ததில்ல."

*

வெள்ளிக்கிழமை, காலை பத்தே கால். துறைத் தலைமையகம், ஏழு மாடி. மெக்கானிக் கைக்கருவிப் பையோடுதான் போனான். அங்கிருந்து நேரே வேலைக்குப் போவதாகத் திட்டம்.

தரைத்தளத்தில் கண்காணிப்பாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"இயக்குநரைப் பாக்கணும் சார். அவசரம். பன்னெண்டு மணிக்குள்ள கையெழுத்து வேணும்."

"மேல போய்க்கிட்டிருக்கார்."

"எங்கேர்ந்து?"

"கீழேர்ந்து."

"எவ்வளவு நேரமா?"

கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டே முக்கால்லேர்ந்து."

மெக்கானிக் திரும்பி லிஃப்டைப் பார்த்தான். நான்காவது மாடியைக் காட்டும் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அவன் பதினெட்டு வருட அனுபவத்துக்கு அந்த விளக்கு ஒரு முழு வாக்கியம் பேசியது. "சார், உள்ள மாட்டிக்கிட்டிருக்கார்!"

"அந்த வார்த்தையை நாங்க உபயோகிக்கறதில்ல."

"லிஃப்ட் கம்பெனிக்குப் போன் பண்ணீங்களா?"

"கம்பெனி தென்மேற்குல இருக்கு. வெள்ளிக்கிழமை தென்மேற்குக்குப் பேசறதில்ல."

மெக்கானிக் மாடிப்படிகளில் தாவி ஏறினான். அவனைத் தடுக்க ஓடிய கண்காணிப்பாளரும் கூடவே ஏறினார். வழியெல்லாம் ஊழியர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் லிஃப்டில் ஏறலாம், இறங்கக் கூடாது. கீழே இறங்கும் மனிதனோடு துறையின் உயர்வும் இறங்கிவிடும் என்று இயக்குநரின் சுற்றறிக்கை. அப்படியானால் மேலே போன லிஃப்ட் மறுபடி எப்படிக் கீழே வரும்? காலியாக வரும். அதற்கும் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'இந்த லிஃப்ட் இறங்குவதில்லை. திரும்புகிறது.'

நான்காவது மாடியில் தன் முக்கோணச் சாவியால் வெளிக்கதவைத் திறந்தான். லிஃப்டின் அடிப்பகுதி ஆளுயரத்துக்கு மேலே நின்றது. அதற்கும் கதவு நிலையின் மேல் விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதில் முதலில் தெரிந்தவை பளபளக்கும் இரண்டு ஷூக்கள். பிறகு ஷூக்கள் விலகி, ஒரு கன்னமும் ஒரு கண்ணும் தரையோடு படிந்து வந்தன.

"யாரது?" என்றது கன்னம்.

"லிஃப்ட் மெக்கானிக் சார்."

"நீ எந்தத் திசையிலிருந்து வர்றே?"

"படியிலேர்ந்து சார்."

கோளாறைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்தாவது மாடிக் கதவின் பூட்டில் யாரோ மூன்று காசு கோத்த சிவப்பு ரிப்பனைக் கட்டியிருந்தார்கள், செழிப்புக்காக. ரிப்பன் உள்ளே இழுபட்டு, பூட்டின் தொடர்பு முனையை உடைத்துவிட்டது. புது முனை வரத் திங்கள்கிழமை ஆகும். அதுவரை மின்சாரத்தில் லிஃப்ட் ஓடாது. உச்சியில் இயந்திர அறைக்குப் போய்ப் பிரேக்கைக் கையால் தளர்த்தலாம். கயிற்றின் மறுமுனையில் எதிர்எடை தொங்குகிறது; லிஃப்டா எதிர்எடையா, எது கனமோ அது கீழே இறங்கும்.

"உள்ள நீங்க மட்டும்தானே சார்? அப்ப தானா மேல வந்துடும்."

கண் ஒரு முறை மூடித் திறந்தது. "ஆமைகள் இருக்கு."

"என்ன சார்?"

"கல் ஆமைகள். எட்டு. முதுகுக்குப் பலம் சேர்க்க என் அறைக்குக் கொண்டுபோறேன். ஒவ்வொண்ணும் அறுபது கிலோ."

மெக்கானிக் மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். "அப்ப கீழதான் சார் இறங்கும்."

நடைபாதையில் கூடியிருந்த ஊழியர்கள் மூச்சை இழுத்தார்கள்.

"கூடாது!" என்றது கன்னம். "என் சுற்றறிக்கையை நானே மீறறதா? பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவை கூட நான் லிஃப்டுல இறங்கினதில்ல. இந்தத் துறை நிக்கறதே அதுலதான்."

"துறை நிக்குதோ என்னவோ, லிஃப்ட் நின்னுடுச்சு சார். திங்கக்கிழமை வரைக்கும் நிக்கும். உள்ள கழிவறை கிடையாது."

கழிவறை என்ற சொல் இயக்குநரிடம் அதுவரை எந்தப் புத்தகமும் செய்யாத வேலையைச் செய்தது.

"விலக்கு ஆணை போட்டுக்கலாம்," என்றார் மெல்ல. "ஆனா முன்னுதாரணம் வேணுமே."

"தினம் நானூறு தடவை இந்த லிஃப்ட் இறங்குதே சார், காலியா."

"அது இறங்கல. திரும்புது."

"அப்ப நீங்களும் திரும்புங்க சார்."

கண்காணிப்பாளர் அந்த வாக்கியத்தை வேகமாக எழுதிக்கொண்டார். பிறகு அது விதியாக வந்தது. இயக்குநர் உள்ளிருந்தபடியே தனக்குத் தானே விலக்கு அளித்துக் கையெழுத்திட்டார். "ம், சீக்கிரம் போ. பிரேக்கைத் தளர்த்து."

மெக்கானிக் நகரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அதிகாரி அவசரப்பட, அவன் நிதானமாக நின்றான். மணி பத்தே முக்கால்.

"சார், எனக்கும் ஒண்ணு எழுதணும்."

"என்னது?"

"எங்கப்பாவுக்கு விலக்கு. கட்டிலும் கழிவறையும் ஒரே சுவர். அவரும் வீட்டுக்குத் திரும்பணும் சார்." சட்டைப் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தான். "ஆறடிதான் நடக்க முடியும் அவரால. பன்னெண்டு மணிக்கு வண்டி வந்து கூட்டிட்டுப் போயிடும். நான் பிரேக் புடிக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா கை நடுங்குது. நடுங்குற கையோட பிரேக்கைத் தொடக் கூடாதுன்னு எங்க விதி."

"மிரட்டறியா?"

"விதி சார்."

விதி என்ற சொல்லுக்கு அந்தக் கட்டடத்தில் எதிர்ச்சொல் கிடையாது. விண்ணப்பம் இடைவெளி வழியாக உள்ளே போனது.

"இதுக்கும் முன்னுதாரணம் வேணும்," என்றார் இயக்குநர். "அந்தக் கட்டம் காலியா இருந்தா ஆணை செல்லாது. இந்த மாதிரி ஒரு வீடு..." சட்டென்று நிறுத்தினார். கன்னம் இடைவெளியிலிருந்து மறைந்தது. உள்ளே பேனா கீறும் சத்தம் கேட்டது. ஒரு வரி எழுதும் நேரம் ஆயிற்று. நான்கு வரி எழுதும் நேரமும் ஆயிற்று. நடுவில் ஒரு பெருமூச்சு. அது ஆமைகளுடையதாக இருக்க முடியாது.

வெளியே வந்தது ஒரு சிவப்பு உறை, அரக்கு முத்திரையோடு. மேலே 'விலக்கு அளிக்கப்பட்டது' என்று கையெழுத்து. கீழே: 'கள ஆய்வாளர் மட்டும் பிரிக்கவும்.'

"நீ பிரிக்கக் கூடாது," என்றார் இயக்குநர். "புரியுதா? நீ பிரிக்கவே கூடாது."

மெக்கானிக் ஏழாவது மாடிக்கும் மேலே ஓடினான். பிரேக் முனகியது. அங்குலம் அங்குலமாக இயக்குநரும் எட்டு ஆமைகளும் நான்காவது மாடிக்குத் திரும்பினார்கள். கைதட்டல் எழுந்தது. அவர் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு பேசிய சிற்றுரையின் கடைசி வாக்கியம் படிகளில் பாய்ந்து இறங்கிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் காதிலும் விழுந்தது: "உயர்ந்த மனிதனைச் சூழ்நிலை கீழே கொண்டுவரலாம்; ஆனால் அவன் அதைக் கோப்பில் ஒப்புக்கொள்ள மாட்டான்!"

மணி பதினொன்றே கால்.

வார்டு வாசலை அடைந்தபோது பதினொன்று ஐம்பத்திரண்டு. அமைதி இல்லத்து வண்டி வந்து நின்றிருந்தது. அப்பாவைச் சக்கர நாற்காலியில் ஏற்றி, மடியில் மாத்திரைப் பையையும் வைத்து, தலையைக் கிழக்கே திருப்பியிருந்தார்கள். மெக்கானிக் உறையை நீட்டினான். பேச மூச்சில்லை. வண்டியோடு வந்த அலுவலர் முத்திரையைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியின் பிடியை விட்டார்.

"ஏன்டா இப்படி வேர்த்திருக்கு?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. ஒரு லிஃப்ட் வேலை."

*

மாலை நான்கு மணிக்கு அப்பா மகன் வீட்டுப் படுக்கையறையில், கழிவறையோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட கட்டிலில், தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அதற்குள் இரண்டு முறை கம்பியைப் பிடித்துப் போய்வந்துவிட்டார். விழவில்லை.

வடக்கு சார் வந்தார். முகத்தில் யாரோ கள்ளச் சாவி போட்டுத் தன் வீட்டைத் திறந்துவிட்டது போன்ற கடுப்பு.

"முன்னுதாரணமா? எனக்குத் தெரியாம முன்னுதாரணமா? இந்த நகரத்துல நான் பாக்காத கட்டில் கிடையாது!"

"உறையைப் பிரிச்சுப் பாருங்க சார்," என்றாள் மனைவி, அழைப்பு மையத்தின் இனிய குரலில். "உங்கள் பொறுமைக்கு நன்றி."

"பாக்கத்தான் போறேன். அதுக்கும் முறை இருக்கு. சம்பந்தப்பட்ட வீட்ல நின்னு உரக்கப் படிக்கணும். வீடு கேக்கணும்." தொண்டையைச் செருமிக்கொண்டு அரக்கை உடைத்தார். தாளை விரித்தார்.

படிக்கவில்லை. கண்கள் மட்டும் வரி வரியாக நகர்ந்தன. திரும்ப மேலே போய் மறுபடி இறங்கின. காதுமடல்கள் உறையின் நிறத்துக்கு வந்தன. தாளை மடிக்கப் பார்த்தார்.

"உரக்கப் படிக்கணும்னீங்களே தம்பி," என்றார் அப்பா கட்டிலிலிருந்து. "வீடு காத்துக்கிட்டிருக்கு. எனக்கு வேற காது கொஞ்சம் மந்தம். நல்லா சத்தமா படிங்க."

வடக்கு சார் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக்குக்கும் ஒன்றும் தெரியாது. அவன் அந்த உறையைப் பிரிக்கவே இல்லை. வேறு வழியில்லாமல், முதல்முறையாக வடக்கு எங்கே என்று உண்மையாகவே தெரியாத மனிதரைப் போல, அவர் படித்தார்:

"முன்னுதாரண வீடு: இயக்குநரின் சொந்த இல்லம். மீறல்: கட்டிலும் கழிவறையும் ஒரே சுவர், கட்டிலுக்கு எதிரே கண்ணாடி, தலைக்கு மேல் உத்தரம். காலம்: பதினோரு ஆண்டுகள்."

"விளைவு?" என்றாள் மனைவி.

வடக்கு சார் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"விளைவு: மூன்று பதவி உயர்வுகள்."